கவிஞரின் வாழ்வைக் கற்பிக்கும்போது நேரும் தவறுகள்

தரம் 10, 11 வகுப்புகளில் கவிதைப் பாடம் பெரும்பாலும் கவிஞரின் பிறந்த ஊர், ஆண்டு, பட்டப்பெயர் என்றே தொடங்குகிறது. முதல் தவறு அங்கேதான். 'வறுமையில் வாடியவர்' என்று முன்கூட்டியே சொல்லிவிட்டால், பிள்ளைகள் அடிக்கு அடி வறுமையைத்தான் தேடுவார்கள். 40 நிமிடப் பாடவேளையில் முதல் 15 நிமிடத்தைக் கவிதைக்கே கொடுங்கள். இருமுறை உரத்து வாசித்து, புரியாத இடங்களில் கோடிடச் செய்யுங்கள். அந்தக் கோடுகளுக்கு வெளிச்சம் தரும் இரண்டு மூன்று வாழ்க்கைச் செய்திகள் போதும். கடைசிப் 10 நிமிடம் மறுபடி கவிதைக்கு.

'நான்' என்று வரும் இடமெல்லாம் கவிஞரே பேசுகிறார் என்று கொள்வது அடுத்த தவறு. இதைத் திருத்தப் பாரதியின் கண்ணன் பாட்டைப்போல் உதவுவது வேறில்லை. 'கண்ணன் என் காதலன்' பாட்டில் பேசுபவள் தோழியிடம் மனம் திறக்கும் ஒரு பெண். 'கண்ணன் என் சேவகன்' பாட்டில் பேசுபவர் வேலைக்காரர்களால் சலித்துப்போன வீட்டுக்காரர். 1908 முதல் 1918 வரை பாரதி புதுச்சேரியில் இருந்தார் என்ற செய்தி மட்டும் இந்தக் குரல்களை விளக்கிவிடாது. யார், யாரிடம் பேசுகிறார் என்பதைக் கேட்டுத் தெளிந்த பிறகே வாழ்க்கை வரலாற்றைத் தொடுங்கள்.

அனுபவம் என்றால் கண்ணால் கண்டது மட்டுமே என்ற எண்ணம் இவற்றைவிட ஆழமானது. திருகோணமலைப் பிள்ளைகளுக்கு இதை உணர்த்தச் சம்பந்தரின் கோணமாமலைப் பதிகம் கையருகிலேயே இருக்கிறது. 'குரைகடல் ஓதம் நித்திலம் கொழிக்கும்' என்ற அடியைக் கேட்டதும், அவர் திருகோணமலையில் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமிமலையில் நின்று பாடினார் என்றே எழுதுவார்கள். ஆனால் பெரியபுராணத்தின்படி, அவர் இராமேசுவரத்தில் இருந்தவாறே இத்தலத்தைப் பாடினார். கொப்பியில் இரண்டு நிரல்கள் போடச் சொல்லுங்கள்: நேரில் கண்டால்தான் தெரியக்கூடியவை ஒன்றில், கேட்டும் அறியக்கூடியவை மற்றதில். கடலும் சுனையும் முத்தும் எந்த நிரலில் சேரும்? வகுப்பு இரண்டாகப் பிரியும். அந்த வாதத்தை உடனே முடித்துவைக்காதீர்கள். காதால் கேட்டறிந்ததும் பக்தியும் ஏக்கமும்கூட ஒருவர் வாழ்ந்த வாழ்வுதான் என்பது அப்போது புலப்படும்.

ஊர்ப்பற்றும் வழிதவறச் செய்யும். கவிஞர் பிரமிள் 1939இல் திருகோணமலையில் பிறந்து, பிற்காலத்தைத் தமிழ்நாட்டில் கழித்து, 1997இல் அங்கேயே மறைந்தார். அதை மட்டும் வைத்து, சிறகிலிருந்து பிரிந்த இறகைப் பற்றிய அவரது கவிதை ஊரைப் பிரிந்த துயர்தான் என்று தீர்த்துச் சொல்லிவிட முடியாது. கவிதை எழுதப்பட்ட ஆண்டை முதலில் தேடுங்கள். அதற்குப் பிந்திய நிகழ்வு அதற்குக் காரணமாக இருக்க முடியாது. ஆண்டு கிடைக்காவிட்டால் 'ஆகையால்' என்று எழுத விடாதீர்கள், 'இருக்கலாம்' என்று எழுதப் பழக்குங்கள்.

பிள்ளைகளையே எழுதவைக்கும்போது சுனாமியையும் போரையும் தலைப்பாகக் கொடுப்பது இங்கே வழக்கம். 2004 சுனாமியின்போது அவர்கள் பிறந்திருக்கவே இல்லை. வீட்டில் கேட்டதை எழுதினால் 'கேட்டது' என்றே எழுதட்டும். இழப்பைச் சுமக்கும் வீட்டுப் பிள்ளையை வகுப்பின் முன் வாசிக்கச் சொல்லி வற்புறுத்தக் கூடாது. 'வீட்டு வாசலில் காலையில் கேட்கும் ஓர் ஒலி' என்ற தலைப்பில் 8 வரி கேளுங்கள். மறுநாள், எந்தச் சொல் எந்த அனுபவத்திலிருந்து வந்தது, எதைக் கற்பனையாகச் சேர்த்தார்கள் என்று ஓரத்தில் குறிக்கச் சொல்லுங்கள்.