கன் டாக் பயிற்சிக்கு எந்த நாய்? வடசென்னை வீட்டிலிருந்து ஒரு செய்முறை விளக்கம்

காலை ஐந்தரை மணிக்கு நானும் மைனாவும் திருவொற்றியூர் கரையில், கல் கொட்டிய இடங்களுக்கு நடுவே மிஞ்சியிருக்கும் மணலில் இறங்கினால், யாராவது ஒருவர் நின்று பார்ப்பார். மைனா என் கறுப்பு லேப்ரடார். நான் துணி உருளையை எறிவேன். அது விழும் இடத்தைப் பார்த்தபடி அவள் அசையாமல் உட்கார்ந்திருப்பாள். 'போ' என்றதும் ஓடிப்போய்க் கவ்விவந்து என் கையில் வைப்பாள். பார்ப்பவர்கள் எல்லாரும் கேட்பது ஒன்றுதான்: "அண்ணா, இது மாதிரி பழக்கணும்னா என்ன ப்ரீட் வாங்கணும்?" நின்ற இடத்தில் ஒரு வார்த்தையில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் சட்டம்

கன் டாக் என்றால் வேட்டைக்காரருக்குத் துணையாகப் போகிற நாய். இந்தியாவில் 1972ஆம் ஆண்டின் வனவிலங்கு பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடை செய்திருக்கிறது. கொல்வதோடு, பிடிப்பது, துரத்துவது, விரட்டுவது எல்லாமே அந்தச் சட்டப்படி வேட்டைதான். ஆகவே பழவேற்காட்டுப் பூநாரை மேலோ ரெட்டேரி நீர்க்கோழி மேலோ நாயை ஏவிப் 'பழக்குவது' குற்றம். நாம் செய்யப்போவது முழுக்க டம்மி, அதாவது பறவைக்குப் பதிலாக எறியும் துணி உருளை, வைத்த பயிற்சி. துப்பாக்கியே தேவையில்லை. பிரிட்டனிலும் வேட்டைப் பருவம் இல்லாத மாதங்களில் டம்மியை வைத்துத்தான் பழக்குகிறார்கள், போட்டிகூட நடத்துகிறார்கள். எந்த இனம் என்பதைத் தீர்மானிப்பதும் இந்த விஷயம்தான். எப்படி என்று பார்ப்போம்.

படி 1: எந்த வேலைக்கு எந்தக் கூட்டம்

கன் டாக் இனங்களை அவற்றின் வேலையை வைத்துப் பிரிப்பார்கள். பாயின்டர், செட்டர் வகைகள் மோப்பத்தில் பறவையைக் கண்டு, சிலைபோல நின்று திசை காட்டும். காக்கர், ஸ்பிரிங்கர் முதலிய ஸ்பேனியல்கள் புதருக்குள் புகுந்து பறவையைக் கிளப்பிவிடும். லேப்ரடார், கோல்டன் முதலிய ரிட்ரீவர்கள் சுட்டு விழுந்ததை எடுத்துவரும். ஜெர்மன் ஷார்ட்ஹேர்ட் பாயின்டர், வைமரானர், விஸ்லா போன்றவை மூன்று வேலையும் செய்யும்.

இப்போது சட்டத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். நின்று காட்டவும் கிளப்பவும் உயிருள்ள பறவை வேண்டும். எடுத்துவருவதற்கு ஒரு துணி உருளை போதும். ரிட்ரீவரின் பிறவிக்குணம் முழுவதையும் ஒரு பறவையைக்கூடத் தொந்தரவு செய்யாமல் இங்கே வளர்த்தெடுக்கலாம். பாயின்டரை அப்படி முழுதாகப் பழக்க முடியாது. எதற்காகப் பிறந்ததோ அந்த வேலை கிடைக்காமல், தெருவில் போகிற காக்கா எல்லாவற்றையும் முறைத்துக்கொண்டு அது தவிக்கும்.

படி 2: வீட்டையும் நாளையும் அளந்து பாருங்கள்

தண்டையார்பேட்டையிலும் கொருக்குப்பேட்டையிலும் பெரும்பாலும் சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள். ஒரு நோட்டில் எழுதுங்கள்: கீழ்த்தளமா, மாடியா? விடியற்காலை ஒரு மணி நேரம் தினமும் உங்களால் எழ முடியுமா? மழைக்காலத்தில் தெருவில் தண்ணீர் எவ்வளவு நாள் நிற்கும்? நீங்கள் வேலைக்குப் போனபின் நாயோடு யார் இருப்பார்கள்?

வெயில்தான் பெரிய சிக்கல். நாய்க்கு நம்மைப்போல உடம்பெல்லாம் வியர்க்காது. மூச்சிரைத்துத்தான் சூட்டை வெளியேற்றும். சாதாரண உடல்வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ் வரை. 41ஐத் தாண்டினால் உயிருக்கு ஆபத்து. காற்றில் ஈரம் அதிகமுள்ள நம் ஊரில், மே மாதம் காலை ஏழு மணிக்கே பயிற்சியை நிறுத்திவிட வேண்டும். புறங்கையைத் தார்ச்சாலையில் ஏழு விநாடி வைத்துப் பாருங்கள். சுட்டால் நாயின் பாதத்துக்கும் சுடும்.

படி 3: இனத்தை முடிவு செய்யுங்கள்

முதல்முறை பழக்குகிறவர்களுக்கு என் பதில் லேப்ரடார். அதிலும் ஒல்லிவாகான உடம்புள்ள பெட்டைக்குட்டி. காரணம் சொல்கிறேன்.

லேப்ரடாரின் முன்னோர் கனடா பக்கம் நியூபவுண்ட்லாந்துத் தீவில் மீனவர்களோடு வேலை செய்த நாய்கள். குளிர்கடலில் குதித்து வலைக்கயிற்றையும், தூண்டிலிலிருந்து நழுவிய மீனையும் கவ்விவந்தவை. 19ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்துக்குப் போய், அங்கே வேட்டைக்குப் பழகின. 1903இல்தான் நாய் இனங்களைப் பதிவு செய்யும் இங்கிலாந்தின் கென்னல் கிளப் தனி இனமாக ஏற்றது. காசிமேட்டில் வலை பின்னும் ஒரு பெரியவரிடம் இதைச் சொன்னபோது, வலையைக் கீழே வைத்துவிட்டு மைனாவின் கால்விரல்களை விரித்துப் பார்த்தார். நடுவில் சவ்வு இருந்தது. "அட, இது நம்மாளுப்பா" என்றார். தண்ணீரில் இறங்கத் தயங்காத குணமும், வாயில் எதையாவது வைத்துக்கொண்டே திரியும் ஆசையும் அந்தக் காலத்திலிருந்து வந்தவைதான்.

கோல்டன் ரிட்ரீவர் புத்திசாலி, மனசு இளகியது. ஆனால் நீண்ட ரோமத்தில் உண்ணி ஒளிந்துகொள்ளும், மழைக்காலத்தில் தோல் புண் வரும். தினமும் சீவிவிட முடிந்தவர்கள் மட்டும் யோசியுங்கள். மாடியில் சின்ன வீடு என்றால் காக்கர் ஸ்பேனியலும் சரிப்படும். டம்மியை நன்றாகவே எடுத்துவரும். காதுக்குள் வாரம் இருமுறை பார்த்துத் துடைக்க வேண்டும். ஷார்ட்ஹேர்ட் பாயின்டரின் குட்டை ரோமம் நம் வெயிலுக்கு ஏற்றதுதான். ஆனால் அதன் கால்களுக்கு வெட்டவெளி வேண்டும். ராயபுரம் சந்தில் அதைக் கட்டிவைப்பது பாவம்.

'நம்ம ஊர் சிப்பிப்பாறை, கன்னி, ராஜபாளையம் ஏன் கூடாது?' என்று கேட்பார்கள். நல்ல கேள்வி. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணால் பார்த்து, பாய்ந்து, தாமே பிடிக்கும் நாய்கள். தானே முடிவெடுக்கும் வேகம்தான் அவற்றின் பெருமை. உத்தரவுக்குக் காத்திருந்து, கவ்வியதை நசுக்காமல் இன்னொருவர் கையில் கொடுக்கும் வேலைக்காக அவற்றை யாரும் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ராஜபாளையம் காவலுக்கும் பன்றி வேட்டைக்கும் பேர்போனது. அந்த இனங்களைக் காப்பாற்ற வேண்டும் என்பதில் எனக்கு இரண்டு கருத்து இல்லை. அவற்றுக்கு உரிய இடத்தில், உரிய வேலையோடு வளர்ப்பதுதான் அவற்றுக்குச் செய்யும் மரியாதை.

படி 4: குட்டிக்கு முன்னால் தாயைப் பாருங்கள்

இதில் நான் பட்ட அடியைச் சொல்கிறேன். மைனாவுக்கு முன்னால் ஒரு குட்டியை அவசரப்பட்டு வாங்கினேன். தாயைக் காட்டுங்கள் என்றதற்கு, ஊரில் இருக்கிறது என்றார் விற்றவர். நாற்பத்தைந்து நாள் என்று சொன்ன குட்டிக்குப் பல் சரியாக முளைத்திருக்கவில்லை. அந்த வருடத் தீபாவளிக்குக் கட்டிலுக்கடியில் போனவன் இரண்டு நாள் வெளியே வரவில்லை. அதற்கப்புறம் குக்கர் விசிலுக்குக்கூட நடுங்குவான். கடைசிவரை அவனை அன்பாகத்தான் வைத்திருந்தோம். பயிற்சி மட்டும் நடக்கவே இல்லை.

2017ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க விதிகளின்படி எட்டு வாரத்துக்குக் குறைந்த குட்டியை விற்கக் கூடாது. வளர்ப்பவர் மாநில விலங்கு நல வாரியத்தில் பதிவு செய்திருக்கவும் வேண்டும். பதிவுச் சான்றைக் கேளுங்கள். பிறகு தாயை நேரில் பாருங்கள். அந்நியரைக் கண்டு பதுங்குகிறதா, வாலாட்டி வருகிறதா? ஒரு பந்தை எறிந்தால் எடுத்து வருகிறதா? தாய்க்கு அந்த ஆசை இருந்தால் குட்டிக்கு இருக்க வாய்ப்பு அதிகம். கண்காட்சிக் கோப்பைகள் அழகுக்குக் கிடைத்தவை. நமக்கு வேண்டியது வேலை.

தாய் தகப்பன் இரண்டின் இடுப்பு மூட்டு, முழங்கை மூட்டு எக்ஸ்ரே கேளுங்கள். லேப்ரடாருக்கு அந்த மூட்டுகள் சரியாக அமையாத கோளாறு பரம்பரையாக வரும். அடுத்து உடல் எடை. லேப்ரடார்களில் ஏறக்குறைய நான்கில் ஒன்றுக்குப் பசி அடங்காத ஒரு மரபணு மாற்றம் இருப்பதாக 2016இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் கண்டார்கள். மைனா சாப்பிட்டு முடித்ததும் பட்டினி கிடந்தவள்போலப் பார்ப்பாள். நான் இரங்குவதில்லை. விலா எலும்பு கைக்குத் தட்டுப்பட வேண்டும்.

படி 5: குட்டிகளின் நடுவே தரையில் உட்காருங்கள்

ஏழெட்டு வாரக் குட்டிகள் ஒன்றாக இருக்கும்போது போங்கள். செய்தித்தாளில் கால் பக்கத்தைக் கசக்கி எலுமிச்சம்பழ அளவு உருட்டுங்கள். ஒவ்வொரு குட்டியையும் தனியாகக் கூட்டிவந்து, அது பார்க்கும்படி நாலடி தள்ளிப் போடுங்கள். மைனாவோடு பிறந்தவை ஏழு. மூன்று கண்டுகொள்ளவே இல்லை. இரண்டு ஓடிப்போய் மோந்துவிட்டு என் செருப்பைக் கடிக்கத் தொடங்கின. ஒன்று கவ்வி, உதறி, மூலைக்குக் கொண்டுபோய்க் கிழித்தது. ஒன்று மட்டும் கவ்வியதும் நின்று, திரும்பி என்னைப் பார்த்தது. காகிதம் மூக்கை மறைக்க, தடுக்கித் தடுக்கிப் பாதி தூரம் வந்தது. அந்தத் திரும்பிப் பார்க்கிற பார்வையைத்தான் தேடிப் போக வேண்டும்.

அப்புறம் பத்தடி தள்ளி ஒரு எவர்சில்வர் தட்டைத் தரையில் போடச் சொல்லுங்கள். திடுக்கிட்டுவிட்டுச் சில நொடியில் அதை மோந்து பார்க்கப் போனால் நல்லது. ஓடி ஒளிந்து வெளியே வராத குட்டி, வீட்டுப் பிள்ளையாக நன்றாக வளரும். இந்த வேலைக்கு வேண்டாம்.

படி 6: ஊசி, உரிமம், சத்தம்

வீட்டுக்கு வந்ததும் தடுப்பூசி அட்டையோடு கால்நடை மருத்துவரிடம் காட்டுங்கள். நமக்கு அருகிலேயே வேப்பேரியில் 1903இல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. தேங்கிய மழைநீரால் பரவும் எலிக்காய்ச்சலுக்கு எதிரான ஊசியும் அட்டவணையில் இருக்கிறதா பாருங்கள். உண்ணி மருந்தைத் தவறவிடாதீர்கள். மூன்று மாதத்தில் வெறிநோய் ஊசி, அந்தச் சான்றை வைத்து மாநகராட்சியில் உரிமம்.

சத்தத்துக்குப் பயப்படாமல் பழக வடசென்னையைவிட நல்ல பள்ளிக்கூடம் கிடையாது. ஆனால் மெல்லத்தான் சேர்க்க வேண்டும். குட்டி சாப்பிடும்போது அடுத்த அறையில் இரண்டு பலகையை ஒன்றோடொன்று தட்டச் சொல்லுங்கள். தின்பதை நிறுத்தினால் இன்னும் தள்ளிப் போகட்டும். வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக அருகில் வரலாம். தெருவில் சாவு மேளமும் வெடியும் வருகிற நாளில் குட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலில் நிற்காதீர்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்தி விளையாட்டுக் காட்டுங்கள்.

படி 7: முதல் டம்மி

பழைய ஜீன்ஸ் காலில் ஒரு சாண் வெட்டி, உள்ளே பழைய துணியும் வலையிலிருந்து கழித்த தக்கை ஒன்றிரண்டும் வைத்து, நைலான் நூலால் இரண்டு முனையும் தைத்துவிடுங்கள். குட்டிக்குக் கால் கிலோவுக்கும் குறைவாக. வளர்ந்தபின் அரைக் கிலோ. தக்கை இருப்பதால் தண்ணீரிலும் மிதக்கும்.

வீட்டு நடை நீளமாக, குறுகலாக இருந்தால் அதிர்ஷ்டம். கதவுகளைச் சாத்திவிட்டு ஒரு முனையில் உட்கார்ந்து டம்மியை உருட்டுங்கள். எடுத்த குட்டிக்கு உங்களிடம் வருவதைத் தவிர வேறு வழி இல்லை. வந்ததும் பிடுங்காதீர்கள். கழுத்தையும் மார்பையும் தடவிக்கொடுங்கள், வாயில் இருக்கட்டும். பிறகு டம்மிக்கடியில் கையை ஏந்தினால் தானே விடும். இழுத்துப் பறித்தால் பல்லை அழுத்திக் கவ்வும் பழக்கம் வந்துவிடும். கன் டாக்குக்கு அதைவிடப் பெரிய குறை இல்லை. ஒரு நாளைக்கு மூன்று தடவை போதும், குட்டி இன்னும் கேட்கும்போதே நிறுத்திவிடுங்கள்.

ஆறு மாதம் ஆனபின் வாசம் சேர்க்கலாம். எங்கள் பக்கத்து மாடியில் பந்தயப் புறா வளர்க்கும் பெரியவர் முதலில் கேட்டார்: "ஏம்பா, என் புறாவைப் புடிச்சிடாதா?" உதிர்ந்த இறகு நாலைந்து கொடுங்கள் போதும் என்றேன். அவற்றை ரப்பர் பேண்டால் டம்மியில் கட்டினேன். கூடவே, அவர் புறாக்களைத் திறந்துவிடும் சாயங்கால நேரத்தில் மைனாவைக் கயிற்றோடு எங்கள் மொட்டை மாடியில் உட்காரவைத்தேன். எழுந்தால் மறுபடி உட்காரவைப்பேன். பேசாமல் இருந்தால் ஒரு துண்டு அவித்த கோழி. மூன்று வாரத்தில், தலைக்கு மேல் கூட்டம் சடசடவென்று கிளம்பினாலும் கண்ணால் பின்தொடர்ந்துவிட்டு என் முகத்தைப் பார்க்கத் தொடங்கினாள்.

வெளியே போகும்போது இடத்தைப் பார்த்துத் தேர்ந்தெடுங்கள். பக்கிங்காம் கால்வாயிலும் எண்ணூர் முகத்துவாரத்திலும் நீந்தவிடாதீர்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் அங்கே எண்ணெய் பரவியதை நாம் பார்த்தோம். ஜனவரி முதல் ஏப்ரல் வரை பங்குனி ஆமைகள் நம் கரையில் முட்டையிடும். அந்த மாதங்களில் இரவில் கடற்கரைக்கு நாயோடு போகவேண்டாம். விடியற்காலை போனாலும் மணல் தோண்டிய தடம் தெரிந்தால் கயிற்றை அவிழ்க்காமல் கடந்து போய்விடுங்கள். நான் முதல் டம்மியை எப்போதும் காற்றுக்கு எதிராகவே எறிவேன். வாசம் மூக்கைத் தேடி வரும், குட்டி ஏமாறாமல் கண்டுபிடிக்கும்.