லாவெனம்: ஓர் ஆங்கிலக் கிராமத்தின் பழைய கட்டடங்களைப் பார்ப்போர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

இங்கிலாந்தின் கிழக்கே, சஃபோக் மாவட்டத்தில், ஏறத்தாழ 1,700 பேர் வாழும் சிறிய ஊர் லாவெனம். சட்டத்தின் பாதுகாப்புப் பட்டியலில் இடம்பெற்ற கட்டடங்கள் மட்டும் அங்கே 300க்கு மேல் இருக்கின்றன. மரச்சட்டங்கள் தெரியும் சாய்ந்த வீடுகளும், ஊரின் ஒரு கோடியில் உயர்ந்து நிற்கும் தேவாலயக் கோபுரமும், சந்தைத் திடலின் ஓரத்தில் இருக்கும், கில்டு என்னும் பழங்காலச் சபையின் மன்றமான கில்ட்ஹாலும் அதன் அடையாளங்கள். இவற்றைப் பார்க்கப் போகிறவர்களும் இவற்றைப் பற்றி எழுதுகிறவர்களும் ஒரே வகையான பிழைகளைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்கள். கட்டடத்தின் முகப்பை மட்டும் பார்த்து அதன் வயதையும் கதையையும் முடிவுசெய்துவிடுவதே அவற்றில் பெரும்பாலானவற்றுக்கு வேர். லாவெனத்தை முன்வைத்து இங்கே சொல்வதில் பெரும்பகுதி இங்கிலாந்தின் மற்றப் பழைய கிராமங்களுக்கும் பொருந்தும்.

இன்றைய கிராமத்தை அன்றைய கிராமமாக எண்ணுவது

லாவெனம் என்றென்றும் ஓர் அமைதியான விவசாயக் கிராமமாகவே இருந்தது என்று எண்ணுவது முதல் தவறு. 1086ஆம் ஆண்டின் டூம்ஸ்டே நிலப்பதிவேட்டில் அதன் பெயர் இருப்பதால் ஊர் அந்த ஆண்டில் தோன்றியது என்று எழுதுவோரும் உண்டு. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் முன்பு எழுதப்பட்ட ஆங்கிலோ-சாக்சன் உயில் ஒன்றிலேயே ஊரின் பெயர் வருகிறது. 1257ஆம் ஆண்டில் அரசர் மூன்றாம் ஹென்றியின் ஆட்சியில் அதற்குச் சந்தை உரிமை கிடைத்தது. சந்தை உரிமை பெற்ற ஊரை அக்கால வழக்கில் பட்டணம் என்றுதான் கொள்ள வேண்டும். பதினைந்தாம் நூற்றாண்டிலும் பதினாறாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் நீலச் சாயமேற்றிய கம்பளித் துணிக்கு அது பெயர்பெற்றிருந்தது. 1524ஆம் ஆண்டின் வரிக்கணக்கை வைத்துப் பார்த்தால் இங்கிலாந்தின் செல்வம் மிகுந்த இருபது ஊர்களில் ஒன்றாக இருந்திருக்கிறது.

லாவெனத்தைக் கம்பளி வணிக ஊர் என்று சொல்வதையும் திருத்திக்கொள்வது நல்லது. ஆட்டு மயிரை மூட்டை கட்டி விற்றதால் ஊருக்குச் செல்வம் வரவில்லை. மயிரை வாங்கிச் சாயம் தோய்த்து, சுற்றுப்புறக் குடிசைகளில் கொடுத்து நூற்கவும் நெய்யவும் வைத்து, துணியாக்கி வெளிநாட்டுச் சந்தைக்கு அனுப்பிய துணி முதலாளிகளே ஊரை வளர்த்தவர்கள். அவர்களில் முதன்மையானது ஸ்பிரிங் குடும்பம். 1523இல் இறந்த மூன்றாம் தாமஸ் ஸ்பிரிங், பெருநிலக்கிழார்களோடு ஒப்பிடத்தக்க அளவுக்குச் செல்வராக இருந்தார். அடுத்த ஆண்டின் வரிக்கணக்கில் லாவெனம் அவ்வளவு உயரத்தில் இருந்ததற்கு அந்த ஒரு குடும்பத்தின் சொத்து பெரிய காரணம். ஆகவே அந்தக் கணக்கைப் படித்துவிட்டு ஊரே செழித்தது என்று முடிவுக்கு வந்துவிடக் கூடாது.

அந்த முடிவு எவ்வளவு பிழையானது என்பதை மறு ஆண்டே நடந்தது காட்டுகிறது. 1525இல் பிரான்சின் மீது போர் தொடுக்கப் பணம் வேண்டி, அரசர் எட்டாம் ஹென்றியின் சார்பில் அவருடைய முதன்மை அமைச்சர் கார்டினல் வுல்சி நாடாளுமன்றத்தின் ஒப்புதல் இல்லாமலேயே ஒரு புதிய வசூலை அறிவித்தார். சஃபோக்கின் துணி முதலாளிகள், இந்தத் தொகையைச் செலுத்தினால் வேலையாட்களுக்குக் கூலி கொடுக்க இயலாது என்று சொல்லி அவர்களை நிறுத்தினார்கள். வேலையிழந்த நெசவாளர்களும் நூற்போரும் சாயத் தொழிலாளர்களும் லாவெனம் பகுதியில் ஆயிரக்கணக்கில் திரண்டார்கள். உங்கள் தலைவன் யார் என்று நார்ஃபோக் பிரபு கேட்டபோது, எங்கள் தலைவனின் பெயர் வறுமை என்று அவர்களில் ஒருவர் விடையளித்ததாக அக்கால வரலாற்றுப் பதிவு சொல்கிறது. அரசு பின்வாங்கியது, வசூல் கைவிடப்பட்டது. இங்கிலாந்தின் மிகச் செல்வமான ஊர்களில் ஒன்றில் இது நடந்தது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டுதான் அதன் வீதிகளில் நடக்க வேண்டும். இன்று நிற்கும் பெரிய வீடுகளில் அந்த நெசவாளர்கள் குடியிருக்கவில்லை. அவை துணி முதலாளிகளும் வசதி படைத்த வணிகர்களும் கட்டிக்கொண்டவை. ஏழைகளின் வீடுகளில் மிகச் சிலவே காலத்தைத் தாண்டி வந்திருக்கின்றன; ஆகையால் ஒரு பெரிய மரச்சட்ட வீட்டைக் காட்டி, பழங்காலக் குடியானவரின் குடில் என்று எழுதுவது அந்த ஏழைகளை இரண்டாம் முறை மறைப்பதாகும்.

கில்ட்ஹாலைத் தொழிற்சங்க அலுவலகமாக்குவது

கில்டு என்றதும் நெசவாளர் சங்கம், வணிகர் சங்கம் என்று எண்ணுவது இயல்பு. லாவெனத்தின் கில்ட்ஹாலைக் கட்டியது கார்ப்பஸ் கிறிஸ்டி என்னும் சமயச் சபை. உறுப்பினர்களின் ஆன்மாவுக்காக வழிபாடு நடத்துவதும், திருவிழாவில் ஊர்வலம் போவதும், விருந்து வைப்பதும், இறந்த உறுப்பினருக்கு இறுதிச் சடங்கு செய்வதும் அதன் பணிகள். உறுப்பினர்கள் துணி வணிகர்களாக இருந்தார்கள் என்பதால் அங்கே தொழில் பேச்சும் நடந்திருக்கும். ஆனால் கட்டடத்தின் நோக்கம் வேறு.

கட்டடம் எழுந்தது ஏறத்தாழ 1529–30இல். 1547இல், ஆறாம் எட்வர்டின் ஆட்சி தொடங்கியபோது, நாடு முழுவதும் இத்தகைய சபைகள் ஒழிக்கப்பட்டன. எனவே ஐந்நூறு ஆண்டு வயதை நெருங்கும் இந்தக் கட்டடம் தன் சொந்த நோக்கத்துக்காகப் பயன்பட்டது இருபது ஆண்டுகள்கூட இல்லை. பிறகு அது ஊர்மன்றமாகவும், சிறைக்கூடமாகவும், ஏழைகளை அடைத்து வேலை வாங்கும் இல்லமாகவும், தர்ம வீடாகவும் இருந்து, 1951இல் பழைய கட்டடங்களைப் பாதுகாக்கும் அறக்கட்டளையான நேஷனல் டிரஸ்டின் கைக்கு வந்தது. வழிகாட்டி எழுதுகிறவர்கள் முதல் இருபது ஆண்டுகளைப் பற்றி மூன்று பத்திகளும் மீதி நானூறு ஆண்டுகளைப் பற்றி ஒரு வரியும் எழுதுகிறார்கள். அந்தச் சுவர்களுக்குள் வாழ்ந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் கைதிகளும் ஏழைகளும்தான் என்பதால் இது எனக்கு நியாயமாகத் தோன்றவில்லை.

மரச்சட்டங்களைப் பற்றிய கதைகள்

பழைய ஆங்கில வீடு என்றால் கறுப்பு மரமும் வெள்ளைச் சுவரும் என்ற படம் பலர் மனத்தில் பதிந்துவிட்டது. மரத்துக்குக் கறுப்புப் பூச்சு அடித்து எடுப்பாகக் காட்டும் வழக்கம் பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் பரவியது. இங்கிலாந்தின் மேற்குப் பகுதிகளில்தான் அது மிகுதி. சஃபோக்கில் ஓக் மரத்தைச் சாம்பல் நிறமேறும்படி அப்படியே விட்டார்கள், அல்லது மரம், சுவர் இரண்டின் மீதும் சேர்த்துச் சுண்ணாம்பு அடித்தார்கள், அல்லது சட்டம் முழுவதையும் காரை பூசி மூடினார்கள். வெள்ளை மட்டுமல்லாமல் காவி, இளஞ்சிவப்பு போன்ற நிறங்களைக் கலந்த சுண்ணாம்பையும் இன்றும் அங்கே காணலாம்; சந்தைத் திடலருகே இருக்கும் லிட்டில் ஹால் என்னும் பழைய வீட்டின் செங்காவிச் சுவர் அதற்கு நல்ல எடுத்துக்காட்டு. காரை பூசிய வீட்டைப் பார்த்து, அழகான மரத்தை யாரோ பிற்காலத்தில் மூடிக் கெடுத்துவிட்டார்கள் என்று வருந்துவது பல இடங்களில் தலைகீழான புரிதல். மழையும் காற்றும் சட்டத்துக்குள் புகாமல் காத்த அந்தக் காரையை, மரம் தெரிய வேண்டும் என்ற பிற்கால ஆசையில் உரித்த வீடுகளும் இருக்கின்றன.

வீடுகள் கோணலாக இருப்பதற்குக் கட்டியவர்களின் திறமைக் குறைவு காரணமன்று. ஓக் காய்ந்துவிட்டால் உளி இறங்காத அளவுக்குக் கடினமாகிவிடும் என்பதால், தச்சர்கள் வெட்டிய மரத்தைப் பச்சையாகவே செதுக்கிச் சட்டமாக இணைத்தார்கள். மரம் சட்டத்துக்குள் இருந்தபடியே காய்ந்து, சுருங்கி, முறுக்கிக்கொண்டது. அதோடு, பின்வந்த உரிமையாளர்கள் வாசல் வைக்கவும் புகைபோக்கி எழுப்பவும் சட்டத்தைத் தாங்கிய சாய்வுக் கட்டைகளை வெட்டி எடுத்தபோது சாய்வு இன்னும் கூடியது.

இந்த மரங்கள் பழைய கப்பல்களை உடைத்து எடுத்தவை என்ற கதையை ஏறக்குறைய ஒவ்வொரு ஆங்கிலக் கிராமத்திலும் கேட்கலாம். லாவெனம் கடலிலிருந்து தொலைவில், உள்நாட்டில் இருக்கிறது. ஓக் மரங்களோ சுற்றிலும் வளர்ந்தன. உப்பில் ஊறிய வளைந்த கப்பல் கட்டைகளை அவ்வளவு தூரம் வண்டியில் இழுத்துவர யாருக்கும் தேவை இருந்திருக்காது. கட்டைகளில் காணும் வெற்றுத் துளைகளே இந்தக் கதைக்கு ஆதாரமாகக் காட்டப்படுகின்றன. அவற்றைக் கிட்டத்தில் சென்று பார்த்தால் உண்மை விளங்கும். நீள்சதுரத் துளை என்றால் அங்கே ஒரு குறுக்குச் சட்டம் பொருந்தியிருந்து பின்னர் அகற்றப்பட்டிருக்கிறது. உத்தரத்தின் அடிப்பக்கத்தில் சிறிய சாய்சதுரத் துளைகள் வரிசையாக இருந்தால், கண்ணாடி இல்லாத பழைய சன்னலின் மரக்கம்பிகள் அங்கே நின்றிருந்தன; அருகிலேயே மரக்கதவு நகர்ந்த பள்ளமும் சில வேளைகளில் தெரியும். சிறிய வட்டத் துளை மர ஆணி அடித்த இடம். இணைப்புகளின் அருகே உளியால் கீறிய கோடுகள் ரோமன் எண்களைப் போலத் தெரிந்தால், பட்டறையில் செதுக்கிப் பொருத்திப் பார்த்த சட்டங்களை மீண்டும் அதே வரிசையில் நிறுத்துவதற்காகத் தச்சர் இட்ட அடையாளம் அது. ஒரு சுவரில் இந்த நான்கையும் கண்டுபிடிப்பதில் கிடைக்கும் அறிவு, கப்பல் கதையில் கிடைக்காது.

தெருவின் மேல் முன்தள்ளி நிற்கும் மச்சு, தரைப்பரப்புக்கு விதித்த வரியைத் தவிர்க்கச் செய்த தந்திரம் என்பதும் ஆதாரமில்லாத கூற்று. அது செல்வத்தைக் காட்டும் கட்டுமான நாகரிகமாக இருந்தது. செங்கல்லால் அடைத்த சன்னல்களைக் கண்டதும் சன்னல் வரியை நினைவுகூர்வதிலும் கவனம் வேண்டும். அந்த வரி 1696 முதல் 1851 வரை உண்மையிலேயே இருந்தது. ஆனால் முகப்பின் சமச்சீருக்காக முதலிலிருந்தே பொய்ச்சன்னல் வைத்துக் கட்டியதும் உண்டு, உள்ளே அறைகளை மாற்றியபோது சன்னலை அடைத்ததும் உண்டு.

முகப்பைக் கொண்டு வயது சொல்வது

பதினெட்டாம் நூற்றாண்டுச் செங்கல் முகப்புக்குப் பின்னால் பதினைந்தாம் நூற்றாண்டு மரச்சட்டம் ஒளிந்திருப்பது இத்தகைய ஊர்களில் சாதாரணம். ஆகவே முன்வாசலில் நிற்காமல் பக்கவாட்டுச் சந்தில் போய்க் கூரையின் சரிவையும், பக்கச் சுவரையும், புகைபோக்கி எழும் இடத்தையும் பார்க்க வேண்டும். லிட்டில் ஹால் பதினான்காம் நூற்றாண்டின் இறுதியில், தரையிலிருந்து கூரைவரை திறந்த ஒரே கூடமாக, நடுவில் நெருப்பு மூட்டும் வீடாகக் கட்டப்பட்டது. செங்கல் புகைபோக்கியும், கூடத்தைக் குறுக்கே பிரித்த மச்சும் பின்னால் வந்தவை. அதைப் பல குடித்தனங்கள் பங்கிட்டுக்கொண்டிருந்த காலத்துக்குப் பிறகு, இருபதாம் நூற்றாண்டில் கேயர்-ஆண்டர்சன் என்னும் இரட்டைச் சகோதரர்கள் வாங்கிச் சீர்செய்தார்கள். இந்த வீட்டுக்கு ஒரே ஆண்டைச் சொன்னால் எந்த ஆண்டைச் சொல்வது? சுவரில் பொறித்த ஆண்டு பழுதுபார்த்த ஆண்டாக இருக்கலாம். பாதுகாப்புப் பட்டியலில் காணும் தேதி கட்டடம் பட்டியலில் சேர்ந்த தேதியே. மரவளையங்களை எண்ணி ஆய்வுசெய்த கட்டடங்களுக்கு மட்டுமே ஆண்டைத் துணிந்து சொல்லலாம்.

புனித பீட்டர்–புனித பால் தேவாலயத்திலும் இதே நிலைதான். 43 மீட்டர் உயரக் கோபுரமும் பெரிய நடுக்கூடமும் ஏறத்தாழ 1485 முதல் 1525 வரை எழுந்தவை. பீடப்பகுதியோ பதினான்காம் நூற்றாண்டைச் சேர்ந்தது. ஆக்ஸ்போர்டு பிரபுக்களான டி வியர் குடும்பத்தின் நட்சத்திரமும் ஸ்பிரிங் குடும்பத்தின் அடையாளங்களும் கல்லில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கின்றன. பழைய குலப் பெருமையும் புதிய வணிகப் பணமும் சேர்ந்து எழுப்பிய கட்டடத்தை ஒரே கொடையாளியின் பெயரில் எழுதிவிடக் கூடாது.

ஊர் ஏன் இப்படியே நின்றது

லாவெனத்தின் வீழ்ச்சிக்கு, தெற்கே இருக்கும் கோல்செஸ்டர் நகரில் குடியேறிய டச்சு நெசவாளர்களே காரணம் என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள். அவர்கள் 1560களில் வந்து மெல்லிய, மலிவான புதுவகைத் துணிகளை நெய்தது உண்மை. அது லாவெனத்தை மேலும் அழுத்தியது. ஆனால் லாவெனம் நெய்துவந்த கனத்த அகலக் கம்பளித் துணியின் வெளிநாட்டுச் சந்தை அதற்கு முன்பே தடுமாறத் தொடங்கிவிட்டது. பின்னர் ஊர் மற்ற நகரங்களின் நெசவுக்காக நூல் நூற்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் குதிரை மயிரையும் நெய்தது.

பணம் போனதால் பழைய வீடுகளை இடித்துப் புதிதாகக் கட்ட ஆளில்லாமல் போனது. ஊரார் பழைமையைப் போற்றிக் காத்ததால்தான் எல்லாம் எஞ்சியது என்பது இனிமையான, ஆனால் பிழையான விளக்கம். போற்றுதல் மிகப் பிந்தி வந்தது, அதுவும் இழக்கும் நிலைக்குப் போன பிறகு வந்தது. பதினைந்தாம் நூற்றாண்டின் வுல் ஹாலை முதல் உலகப் போருக்குச் சற்று முன்பு பிரித்தெடுத்து வேறிடத்தில் நிறுத்தக் கொண்டுபோனார்கள். எதிர்ப்புக் கிளம்பியதால் மரங்கள் திரும்பி வந்து பழைய இடத்திலேயே மீண்டும் பொருத்தப்பட்டன. அந்தக் கட்டடமும் முதலில் ஒரு சமயச் சபையின் மன்றமாகத்தான் இருந்தது. கம்பளியைக் குறிக்கும் இன்றைய பெயர் அதற்குப் பின்னால் வந்தது. இப்போது அது ஸ்வான் விடுதியின் ஒரு பகுதி.