எக்ஸ் கதிர் முன்னோடிகளின் துயரத்தை எடுத்துரைக்கையில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

எக்ஸ் கதிரின் தொடக்க காலத்தில் விரலையும் கையையும் உயிரையும் இழந்தவர்களைப் பற்றி எழுதுவோர் பலர், ‘அக்காலத்தில் ஆபத்து யாருக்கும் தெரியாது’ என்றே தொடங்குகிறார்கள். இதுதான் முதன்மையான தவறு. வில்ஹெல்ம் ரான்ட்ஜென் 1895 நவம்பர் 8 அன்று ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க் நகரில் அக்கதிரைக் கண்டறிந்தார். அடுத்த ஆண்டு முடிவதற்குள் தோல் சிவப்பு, கொப்புளம், முடியுதிர்வு பற்றிய செய்திகள் அறிவியல் இதழ்களில் அச்சேறிவிட்டன. அமெரிக்காவின் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் வில்லியம் டட்லி தம் தலையை ஒரு மணி நேரம் கதிரின்முன் வைத்திருந்தார். 21 நாள் கழித்து, கதிர் பட்ட இடத்தில் முடி கொட்டியது. எலிஹு தாம்சன் என்ற பொறியாளர் தம் இடக்கைச் சுண்டுவிரலை நாள்தோறும் அரை மணி நேரம் எனச் சில நாள்கள் காட்டிப் பார்த்து, விரல் வீங்கிக் கொப்பளித்ததை வெளியிட்டுப் பிறரை எச்சரித்தார்.

இத்தனை சான்றுகள் இருந்தும், கதிரை உண்டாக்கும் கண்ணாடிக் குழாயைச் சுற்றி எழும் மின்சாரமோ ஓசோன் வாயுவோதான் தோலைப் புண்ணாக்குகிறது, கதிர் குற்றமற்றது என்று வாதிட்டவர்கள் இருந்தார்கள். சிகாகோவில் எக்ஸ் கதிர்ப் படமெடுத்துவந்த வுல்ஃப்ராம் ஃபுக்ஸ் 1896 இறுதியிலேயே மூன்று அறிவுரைகளைச் சொன்னார்: கதிர்படும் நேரத்தைக் குறையுங்கள், குழாயிலிருந்து குறைந்தது ஓரடி தள்ளி நில்லுங்கள், தோலில் வாசலைன் பூசுங்கள். முதல் இரண்டும் சரியானவை. மூன்றாவது, கதிரைச் சாதாரணச் சூடுபோலக் கருதிய பிழை.

இம்முன்னோடிகளின் செயலை வெறும் துணிச்சல் என்று புகழ்வதும் பொருந்தாது. அன்றைய கண்ணாடிக் குழாய்களில் எஞ்சியிருந்த வாயுவின் அழுத்தம் பயன்படுத்தப் பயன்படுத்த மாறியதால், கதிரின் ஊடுருவும் வலிமையும் நாளுக்கு நாள் மாறியது. அதை அளக்கத் தக்க கருவி இல்லாத நிலையில், இயக்குபவர் தம் கையையே குழாய்க்கும், கதிர் பட்டால் ஒளிரும் திரைக்கும் இடையே நீட்டி, எலும்புகள் எவ்வளவு தெளிவாகத் தெரிகின்றன என்று பார்த்தார். ஒவ்வொரு நோயாளிக்கும் முன்பாக இப்படிச் சோதித்தவர்களுக்கு, கைதான் முதலில் அழிந்தது. பர்மிங்காம் மருத்துவர் ஜான் ஹால்-எட்வர்ட்ஸ் 1908இல் இடக்கையை இழந்தார். பிலடெல்ஃபியாவின் மிஹ்ரான் கசாபியன் சிதைந்துவந்த தம் கைகளையே படமெடுத்துப் பதிவு செய்தார், 1910இல் இறந்தார்.

எடிசனின் உதவியாளர் கிளாரன்ஸ் டாலியின் கதையை எண்ணும்போதெல்லாம் மனம் கனக்கிறது. கண்ணாடி ஊதும் கைவினைஞரான அவர், 1896 முதல் குழாய்களைச் செய்தும் சோதித்தும் வந்தார். கதிர் பாயும்போது சூடோ வலியோ தெரிவதில்லை. புண் நாள்கள் கழித்தே தோன்றும், புற்றுநோய் ஆண்டுகள் கழித்தே வரும். வலிக்காததால் தீங்கில்லை என்று கருதிய பிழைக்கு அவர் தம் இரு கைகளையும் அறுவையில் பறிகொடுத்து, 1904இல் 39 வயதில் மாண்டார். எடிசன் அதன்பின் எக்ஸ் கதிர் ஆய்வைத் தொடரவில்லை.

ரான்ட்ஜெனையும் இவர்களோடு சேர்த்துப் பட்டியலிடுவது தவறு. 1923இல் குடல் புற்றுநோயால் இறந்த அவர், ஈயத் தடுப்புள்ள அடைப்பைப் பயன்படுத்தியவர். அவர் மரணத்துக்குக் கதிரைக் காரணமாகச் சொல்வதற்குச் சான்றில்லை.

இந்த வரலாற்றைப் படித்துவிட்டு, மருத்துவர் எழுதிக் கொடுத்த எக்ஸ்-ரேயை மறுப்பதும் கூடாது. தோல் சிவக்கத் தேவையான கதிரளவு, இன்றைய ஒரு மார்பு எக்ஸ்-ரே தோலுக்குத் தரும் அளவைப் போல ஆயிரக்கணக்கான மடங்கு. மாறாக, நாள்தோறும் கதிரருகே நிற்கும் பணியாளர் ஈய அங்கியைக் கழற்றி வைப்பது, டாலி செய்த அதே பிழைக்குத் திரும்புவதாகும்.

பாஸ்டனின் பல் மருத்துவர் வில்லியம் ராலின்ஸ், எக்ஸ் கதிர் கினிப் பன்றிகளைக் கொல்லும் என்று 1901இல் சோதித்துக் காட்டினார். குழாயைக் கதிர் கசியாத உறைக்குள் மூடுங்கள், தேவையான பகுதியில் மட்டும் கதிரைச் செலுத்துங்கள் என்று வற்புறுத்தினார். கதிர்ப் பாதுகாப்புக்கான பன்னாட்டுக் குழு ஸ்டாக்ஹோமில் அமைந்தது 1928இல். இடையில் கழிந்தவை 27 ஆண்டுகள். 1936இல் ஹாம்பர்க் மருத்துவமனை வளாகத்தில் எழுப்பிய நினைவுத் தூணில், கதிரால் இறந்த 169 பேரின் பெயர்களைப் பொறித்தார்கள். பின்னர் அப்பட்டியல் 350ஐத் தாண்டியது.