எல்லாம் ஸ்பிட்ஃபயர் இல்லை: பழைய போர் விமானப் பிரியர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

1942 ஏப்ரல் 9 காலை யப்பான்காரன் திருகோணமலையில் குண்டு போட்டபோது அவனை எதிர்த்து ஏறிய விமானம் எது? நம் ஊரில் கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் "ஸ்பிட்ஃபயர்" என்பார்கள். தவறு. அன்று பக்கத்திலுள்ள சீனக்குடா விமானத்தளத்திலிருந்து மேலே போனவற்றில் பெரும்பாலானவை பிரிட்டிஷ் விமானப்படையின் 261ஆம் அணியைச் சேர்ந்த ஹரிக்கேன்கள். அப்போது இலங்கையில் ஒரு ஸ்பிட்ஃபயர்கூட இல்லை.

பழைய போர் விமானங்களில் ஆசை வைத்தவர்களின் முதல் தவறும் பெரிய தவறும் இதுதான். மூக்கு நீண்ட, ஒற்றை இஞ்சின் விமானம் எதைக் கண்டாலும் ஸ்பிட்ஃபயர் என்று பெயர் வைத்துவிடுவது. 1940இல் இங்கிலாந்தைக் காத்த சண்டையில்கூட எண்ணிக்கையில் கூட இருந்தது ஹரிக்கேன்தான். பெயர் மட்டும் ஸ்பிட்ஃபயருக்குப் போய்விட்டது. அழகாக இருப்பவருக்குக் கிடைக்கும் சலுகை!

வித்தியாசம் பிடிக்கச் சக்கரத்தைப் பாருங்கள். ஹரிக்கேனின் சக்கரங்கள் உள்பக்கமாக, வயிற்றை நோக்கி மடங்கும். ஸ்பிட்ஃபயரின் சக்கரங்கள் வெளிப்பக்கமாக, இறக்கை நுனியை நோக்கி மடங்கும். அதனால் தரையில் நிற்கும்போது ஹரிக்கேன் காலை அகட்டி உறுதியாக நிற்கும், ஸ்பிட்ஃபயர் காலை ஒடுக்கிக்கொண்டு நிற்கும். அப்புறம் பின்னுடம்பு. ஹரிக்கேனில் அது உருக்குக் குழாய்ச் சட்டத்தின் மேல் மரப்பட்டி வைத்து, துணி இழுத்துப் போர்த்தியது. வெயில் சாய்வாக விழுந்தால் மெலிந்த மாட்டின் விலா போல வரி வரியாகத் தெரியும். ஸ்பிட்ஃபயரின் உடம்பு வழவழப்பான உலோகத் தகடு.

சத்தத்தை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்ல வேண்டாம். ஹரிக்கேன்களிலும், ஸ்பிட்ஃபயர், அமெரிக்க மஸ்டாங், நான்கு இஞ்சின் குண்டுவீச்சு விமானமான லங்காஸ்டர் ஆகியவற்றில் பெரும்பாலானவற்றிலும் உறுமுவது அதே 27 லீற்றர் மெர்லின் இஞ்சின்தான். சுதந்திரத்துக்குப் பிறகு நம் நாட்டு விமானப்படை பயிற்சிக்கு வைத்திருந்த பேலியோல் விமானத்திலும் மெர்லின்தான் இருந்தது. ஆகவே "ஐம்பதுகளில் ஸ்பிட்ஃபயர் சத்தம் கேட்டேன்" என்று தாத்தா சொன்னால் மறுத்துப் பேச வேண்டாம். எந்த வருடம், எந்த இடம் என்று மட்டும் கேட்டுக் குறித்து வையுங்கள்.

எதிரியின் விமானத்திலும் இதே குழப்பம் உண்டு. திருகோணமலையில் அன்று குண்டுவீச்சு விமானங்களுக்குக் காவலாக வந்தவை சீரோ என்ற யப்பானியச் சண்டை விமானங்கள். ஐரோப்பாவில் ஜெர்மன் விமானத்தோடு வளைந்து திரும்பிச் சண்டை போட்டுப் பழகிய ஹரிக்கேன் விமானிகளுக்கு அந்த வித்தை சீரோவிடம் பலிக்கவில்லை. வளைந்து திரும்புவதில் சீரோவை வெல்வது கடினம். இன்று சகாயே என்ற அசல் யப்பானிய இஞ்சினுடனேயே பறக்கும் சீரோ ஒன்றே ஒன்று, கலிபோர்னியாவின் சீனோ நகர அருங்காட்சியகத்தில் இருக்கிறது. 1944இல் சைப்பான் தீவில் பிடிபட்டது அது. பறக்கும் மற்றச் சில சீரோக்களில் இருப்பது அமெரிக்க இஞ்சின். படங்களில் நீங்கள் பார்த்த "சீரோ"க்களில் பல, அமெரிக்கப் பயிற்சி விமானமான டெக்ஸனுக்கு வேஷம் கட்டியவை. அவற்றைப் பார்த்து சீரோவின் உருவத்தை மனதில் பதித்தால் காலத்துக்கும் குழம்புவீர்கள்.

"அப்படியென்றால் பறப்பதெல்லாம் போலியா?" என்று அடுத்த பக்கம் சாய்வதும் தவறுதான். R4118 என்ற எண்ணுள்ள ஹரிக்கேனை எடுங்கள். 1940 சண்டையில் பறந்தது, பிறகு இந்தியாவுக்கு வந்து, காசியிலுள்ள பல்கலைக்கழக வளவில் பல வருடம் துருப்பிடித்துக் கிடந்தது. 2001இல் இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்த் திருத்தி, 2004இல் பறக்கவிட்டார்கள். இப்படி வரும் விமானத்தில் துணியும் மரமும் புதிதாகத்தான் இருக்கும். அறுபது வருடத்துத் துணியை நம்பி யார் மேலே ஏறுவார்? சில விமானங்களிலோ பழைய அடையாளத் தகடும் கொஞ்ச உதிரிகளும் தவிர எல்லாமே புதுசு. அசலா போலியா என்று ஒரே சொல்லில் கேட்காமல், எந்தப் பாகம் எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள்.

லண்டனுக்கோ ரொறன்ரோவுக்கோ சொந்தக்காரர் வீட்டுக் கலியாணத்துக்குப் போகும்போது எட்டிப் பார்க்க நினைப்பவர்களுக்கு: ஹெண்டனில் உள்ள விமானப்படை அருங்காட்சியகத்தில் நிற்பவை பறக்காது. பறப்பதைப் பார்க்க வேண்டுமென்றால் டக்ஸ்ஃபோர்ட், அல்லது பிரிட்டிஷ் விமானப்படையின் பழைய விமான அணி இருக்கும் லிங்கன்ஷயரின் கோனிங்ஸ்பி. கடைசியாகத் தயாரான ஹரிக்கேன், PZ865, கோனிங்ஸ்பியில்தான் இருக்கிறது. கனடாவில் ஹமில்டனுக்குப் போனால் உலகில் பறக்கும் இரண்டே லங்காஸ்டர்களில் ஒன்றைக் காணலாம். ஆனால் ஒரு குறிப்பிட்ட விமானத்தை நம்பி மட்டும் பயணத் திகதி போடாதீர்கள். காற்று கொஞ்சம் குறுக்கே அடித்தாலே ஏற்ற மாட்டார்கள். 2024 மே மாதம் கோனிங்ஸ்பி அருகே ஒரு ஸ்பிட்ஃபயர் விழுந்து விமானி இறந்தபோது, அந்த அணியின் விமானங்கள் எல்லாவற்றையும் கொஞ்சக் காலம் தரையிலேயே நிறுத்தி வைத்தார்கள்.

படம் எடுப்பதில் நான் செய்த மடத்தனத்தையும் சொல்லிவிடுகிறேன். டக்ஸ்ஃபோர்டில் கமராவின் ஷட்டர் வேகத்தை இரண்டாயிரத்தில் ஒரு செக்கனுக்கு வைத்து நூறு படம் சுட்டேன். எல்லாம் நல்ல தெளிவு, ஆனால் ஒன்றிலும் விமானத்தின் மூக்குக் காற்றாடி சுழல்வது போலத் தெரியவில்லை. "என்ன மச்சான், பொம்மையைக் கயிறு கட்டித் தொங்கவிட்டுப் படம் எடுத்தனீயோ?" என்றான் கூட வந்தவன். 125இல் ஒன்று, 250இல் ஒன்று என்று வைத்து, விமானத்தோடு கமராவையும் நகர்த்துங்கள். பாதிப் படம் கலங்கித்தான் வரும். பரவாயில்லை.

புதைந்த விமானக் கதைகளை அப்படியே நம்புவதும் ஒரு வியாதி. பர்மாவில் பெட்டியோடு புதைத்த ஸ்பிட்ஃபயர்கள் இருக்கின்றன என்று 2013இல் ரங்கூன் விமான நிலையத்தில் தோண்டினார்கள், ஒன்றும் கிடைக்கவில்லை. நம் பக்கத்திலும் காட்டுக்குள்ளே விமானம் கிடக்கிறது என்று சொல்ல ஆள் உண்டு. உண்மையாகவே ஏதும் கிடைத்தாலும் கை வைக்காதீர்கள், வெடிக்காத குண்டு இருக்கலாம், ஆள் இறந்த இடமாகவும் இருக்கலாம். ஹேர்மிஸ் என்ற விமானந்தாங்கிக் கப்பலும் திருகோணமலைத் துறைமுகத்துக்குள் கிடக்கவில்லை. தாக்குதலுக்கு முதல் நாள் இரவே இங்கிருந்து வெளியேறி, அடுத்த நாள் மட்டக்களப்புக்கு அப்பால் மூழ்கியது. ஐம்பது மீற்றருக்கும் ஆழத்தில் கிடக்கிறது. பொழுதுபோக்குச் சுழியோடிகளுக்கு நாற்பது மீற்றர்தான் எல்லை.

சீனக்குடா விமானத்தளம் இன்றும் விமானப்படையிடம்தான் இருக்கிறது. வேலிக்கு வெளியே நின்று கமராவை நீட்டுவதும், பக்கத்து எண்ணெய்க் குதங்களுக்குள் நுழைவதும், ட்ரோன் விடுவதும் வீண் வில்லங்கம். அந்த நாட்களின் தடயத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நிலாவெளி வீதியில் உள்ள யுத்த மயானத்துக்குப் போங்கள். விமானப்படைச் சின்னம் பொறித்த கற்களைத் தேடிப் பெயரையும் திகதியையும் வாசியுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், பத்து மணிக்குப் பிறகு வெயில் தாங்காது.