ஆங்கிலேய மூதாதையரைத் தேடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெரம்பூரில் இருக்கும் ஆங்கிலோ இந்தியக் குடும்பமாக இருக்கலாம். லண்டனில் குடியேறி ஆங்கிலேயர் வீட்டில் சம்பந்தம் வைத்துக்கொண்ட தமிழ்க் குடும்பமாகவும் இருக்கலாம். என்றாவது ஒருநாள் பிள்ளைகளில் ஒன்று கேட்கும்: "பாட்டியோட தாத்தாவுக்கு எந்த ஊரு?" இணையத்தில் உட்கார்ந்தால் முதல் இரண்டு மூன்று தலைமுறை மளமளவென்று வந்துவிடும். அதற்கு மேலே ஒருவர் பிடிபடாமல் நழுவுவார். தேடுபவர்கள் சறுக்குவது அங்கேதான். ஆள் கிடைக்காவிட்டால் குடிமுழுகிப் போகாது. கிளை அந்த இடத்தில் நிற்கும், அவ்வளவுதான். பெயர் ஒத்துப்போகிறதே என்று வேறொருவரைத் தாத்தாவாக்கிவிட்டால், அதற்கு மேல் செய்யும் உழைப்பெல்லாம் முன்பின் தெரியாத யாரோ ஒருவருடைய வம்சத்துக்குப் போய்ச் சேரும்.

இது எளிதாக நடந்துவிடும். அன்றைய இங்கிலாந்தில் எங்கே பார்த்தாலும் ஜான், வில்லியம், தாமஸ். பெண்கள் என்றால் மேரி, ஆன், எலிசபெத். நம்மூரைப் போலவே தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கும் வழக்கமும் உண்டு. ஒருவருக்கு நான்கு மகன்கள் என்றால், நான்கு வீட்டிலும் அவர் பெயரில் ஒரு பேரன் இருக்கலாம். எல்லாருக்கும் ஏறக்குறைய ஒரே வயது, ஒரே ஊர்.

உதாரணத்துக்கு, நார்ஃபோக் மாவட்டத்தில் வில்லியம் ஹாரிஸ் என்று ஒரு பண்ணைக்கூலி இருந்ததாக வைத்துக்கொள்வோம். 1841 சென்சஸில் அவருக்கு வயது 35. அப்படியானால் 1806இல் பிறந்தவர் என்று எழுதிக்கொள்ளத் தோன்றும். எழுதாதீர்கள். அந்த சென்சஸில் 15 வயதைத் தாண்டியவர்களின் வயதை ஐந்தின் மடங்காகக் குறைத்து எழுதச் சொல்லியிருந்தார்கள். எல்லாக் கணக்கெடுப்பாளரும் அப்படிச் செய்யவில்லை என்றாலும் பலர் செய்தார்கள். ஆகவே 35 என்பது 35இலிருந்து 39 வரை எதுவாகவும் இருக்கலாம். கணக்கெடுத்த நாள் ஜூன் 6. எனவே இவர் 1801 நடுவிலிருந்து 1806 நடுவுக்குள் எப்போதோ பிறந்தவர். பிறந்த ஊரும் அதில் இருக்காது. அதே மாவட்டத்தில் பிறந்தவரா, இல்லையா என்பது மட்டும்தான். வீட்டில் இருப்பவர்களுக்குள் என்ன உறவு என்பதும் இல்லை. கூடவே இருக்கும் இருபது வயதுப் பெண் தங்கையா, வேலைக்காரியா, இரண்டாம் மனைவியா என்று அந்தத் தாளை வைத்துச் சொல்ல முடியாது.

பத்து வருடம் கழித்து, 1851 மார்ச் 30 சென்சஸில் உறவும் ஊரும் வந்துவிடுகின்றன. நம் வில்லியமுக்கு அதில் 46 வயது என்றால், 1804 – 1805க்குள் பிறந்திருக்க வேண்டும். பேரிஷ் (ஒரு கோயிலுக்கு உட்பட்ட ஊர்ப் பங்கு) பதிவேட்டைப் புரட்டினால் இரண்டு ஞானஸ்நானங்கள் கிடைக்கின்றன என்று வையுங்கள்: 1804இல் தாமஸ் மகன் வில்லியம், 1805இல் ஜான் மகன் வில்லியம். பெரும்பாலானவர்கள் மனசுக்குப் பிடித்த ஒன்றை எடுத்துக்கொண்டு மேலே போய்விடுவார்கள். செய்ய வேண்டியது வேறு: இருவரையும் சாகடிக்கப் பார்க்க வேண்டும். அடக்கப் பதிவேட்டில் 1807இல் "ஜான் மகன் வில்லியம்" என்று ஒரு வரி இருந்தால், அது பெரும்பாலும் அந்தக் குழந்தைதான். 1813இல் அச்சிட்ட பதிவேடுகள் வரும்வரை அடக்கப் பதிவில் பல இடங்களில் வயதே எழுதவில்லை. ஆனால் அப்பா பெயரோடு எழுதியிருந்தால் சிறு பிள்ளை என்று ஊகிக்கலாம். அதே ஜானுக்கு 1809இல் இன்னொரு வில்லியம் பிறந்திருந்தால் சந்தேகம் தீரும், ஏனென்றால் இறந்த பிள்ளையின் பெயரை அடுத்ததற்கு வைப்பது அங்கே சர்வசாதாரணம். கூடவே புதிதாக ஒரு சந்தேகமும் முளைக்கும்: தன் சரியான வயது தெரியாத ஒரு கூலியாள் 42ஐ 46 என்று சொல்லியிருக்க மாட்டாரா? அதனால்தான் ஒரு சென்சஸோடு நிறுத்தாமல் 1861, 1871 என்று ஆள் சாகும்வரை பின்தொடர வேண்டும்.

அடுத்தது எழுத்துக்கூட்டல் பிடிவாதம். "எங்கள் கிளார்க் கடைசியில் 'ஈ' போட்ட கிளார்க், அது இல்லாதவர் எங்கள் ஆள் இல்லை" என்று சாதிப்பவர்கள் உண்டு. எழுதப் படிக்கத் தெரியாதவர் வாயால் சொன்னார், குமாஸ்தா காதில் விழுந்ததை எழுதினார்; இதில் 'ஈ' யாருடையது? பேச்சில் 'ஹ' விழுங்கப்படும் பகுதிகளில் ஹாரிஸ் ஆரிஸ் ஆகிவிடுவார். பெயர்களிலும் இதே கதைதான்: பாலி என்பவள் மேரி, பெக்கி என்பவள் மார்கரெட், நான்சி பல சமயம் ஆன், ஜாக் என்பவன் ஜான். இதற்கு மேல், பழைய கையெழுத்தைப் படித்து இணையத்தில் ஏற்றியவர்களின் பிழைகள் வேறு. குடும்பப் பெயரையே விட்டுவிட்டு முதல் பெயர், வயது, பிறந்த ஊர் இவற்றை மட்டும் போட்டுத் தேடிப் பாருங்கள். கிடைத்ததும் தட்டச்சு வடிவத்தை நம்பாமல் மூலப் படத்தைத் திறந்து பாருங்கள்.

தேதியில் ஒரு பொறி இருக்கிறது, பலருக்குத் தெரியாது. 1751 வரை இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25. எனவே 1720 மே மாதத்துக்கு அப்புறம் வருவது 1720 பிப்ரவரி! மே மாதம் கல்யாணம், அதே ஆண்டு பிப்ரவரியில் குழந்தைக்கு ஞானஸ்நானம் என்றால், தாலி கட்டுமுன்பே குழந்தையா என்று விழிக்க வேண்டாம். நம் கணக்கில் அது 1721 பிப்ரவரி. ஒன்பது மாதம், எல்லாம் முறையாகவே நடந்திருக்கிறது. ஞானஸ்நானத் தேதியைப் பிறந்த தேதியாக எழுதுவதும் இதே ரகம். நான்கு பிள்ளைகளுக்கு ஒரே நாளில் கொடுத்திருந்தால் அவர்கள் நால்வரும் இரட்டையர்களா என்ன? 1783 முதல் 1794 வரை ஒவ்வொரு பதிவுக்கும் மூன்று பென்ஸ் வரி வேறு இருந்தது. ஏழைகளுக்கு விலக்கு உண்டு; மற்றவர்களில் சிலர் தள்ளிப்போட்டிருப்பார்கள்.

1837 ஜூலை 1 முதல் பிறப்பு, இறப்பு, திருமணம் எல்லாம் அரசாங்கப் பதிவுக்கு வந்துவிட்டதால், அதற்குப் பின் யாரும் தப்பியிருக்க முடியாது என்று நினைப்பதும் தப்பு. குழந்தை பிறந்ததைப் பெற்றோர் வலியச் சென்று பதியாவிட்டால் தண்டனை என்ற நிலை 1875இல்தான் வந்தது. அதுவரை பதிவாளர்தான் விசாரித்துப் பிடிக்க வேண்டும், தப்பியவர்கள் கணிசம். பதிய 42 நாள் அவகாசம் இருந்ததால், டிசம்பரில் பிறந்த குழந்தை, காலாண்டு வாரியாகப் போட்ட பெயர் அட்டவணையில் அடுத்த வருட மார்ச் காலாண்டில் கிடக்கும். பழைய அட்டவணையில் தாயின் பிறந்த வீட்டுப் பெயர் 1911 செப்டம்பர் காலாண்டிலிருந்துதான் வரும். பொதுப் பதிவாளர் அலுவலகத்தின் இணைய அட்டவணையிலோ பிறப்புகளுக்கு 1837இலிருந்தே தருகிறார்கள். இதை அறியாமல் பழையதை வைத்துக்கொண்டு ஒரே பெயருள்ள எட்டுக் குழந்தைகளுக்குச் சான்றிதழ் வாங்கிக் காசைக் கரைப்பவர்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது.

கோயில் விஷயத்துக்கு வருவோம். 1754 மார்ச் முதல் 1837 வரை, குவேக்கர்கள் என்ற கிறிஸ்தவப் பிரிவினரும் யூதர்களும் தவிர மற்ற எல்லாரும் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்தின் அரசுத் திருச்சபை) கோயிலில்தான் சட்டப்படி கல்யாணம் செய்ய முடியும். எனவே ஊர்க் கோயிலில் ஓலை வாசித்து, அதாவது திருமண அறிவிப்பைச் சபையில் படித்து, கல்யாணம் நடந்ததை வைத்து அவர்கள் ஆங்கிலிக்கன் குடும்பம் என்று முடிவு செய்ய முடியாது. பிள்ளைகளின் ஞானஸ்நானம் அதே கோயிலில் கிடைக்கவில்லையா? மெதடிஸ்ட், பாப்டிஸ்ட் சபைகளின் பதிவேடுகளைப் பாருங்கள். அவற்றில் நிறையவை 1837க்குப் பின் அரசிடம் ஒப்படைக்கப்பட்டு, இப்போது லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. பேரிஷ் பதிவேடே கிழிந்தோ எரிந்தோ போயிருந்தால், ஆண்டுதோறும் பேராயருக்கு அனுப்பிய நகல் தனியாக இருக்க வாய்ப்புண்டு.

ஊரை விட்டு நகராமல் தேடுவது இன்னொரு தவறு. கல்யாணம் பெரும்பாலும் பெண் வீட்டு ஊரில் நடக்கும். பண்ணையாட்கள் வேலை தேடி அக்கம்பக்கத்து ஊர்களுக்கு மாறிக்கொண்டே இருந்தார்கள். வரைபடத்தை விரித்து, பத்துப் பதினைந்து மைல் சுற்றளவில் உள்ள பேரிஷ்களையெல்லாம் பாருங்கள். நடுவில் மாவட்ட எல்லை வந்தால் அடுத்த மாவட்டக் காப்பகத்துக்கும் போக வேண்டும். ஏழை என்றால் ஆவணம் இருக்காது என்று எண்ணுகிறார்கள். பல சமயம் ஏழையின் கதைதான் விரிவாகக் கிடைக்கும். 1662 சட்டப்படி, தங்களுக்குப் பாரமாகக்கூடும் என்று தோன்றியவரை பேரிஷ் அதிகாரிகள் சொந்த ஊருக்கே திருப்பி அனுப்பலாம். அதற்கு முன் விசாரித்து, எங்கே பிறந்தார், யாரிடம் வேலை பார்த்தார், எப்போது மணந்தார் என்று வாக்குமூலம் எழுதிவைத்தார்கள். அப்படி ஒரு தாள் கிடைத்தால் அது புதையல்தான்.

சான்றிதழில் உள்ளதெல்லாம் சத்தியம் என்று நம்பவும் வேண்டாம். தகப்பன் பெயர் தெரியாதவர் கல்யாணப் பதிவில் கூச்சத்துக்காக ஒரு பெயரைச் சொல்லியிருப்பார். 1858க்கு முன் விவாகரத்து வேண்டுமென்றால் நாடாளுமன்றத்தில் தனிச் சட்டமே போட வேண்டும். அதற்குப் பின்பும் செலவு அதிகம். அதனால் பிரிந்துபோன ஏழைகள் வேறு ஊரில் "மனைவியை இழந்தவர்" என்று எழுதி மறுபடி மணந்தார்கள். இறந்த மனைவியின் தங்கையைக் கட்டுவது 1907 வரை செல்லாது. அப்படிப்பட்டவர்கள் யாருக்கும் தங்களைத் தெரியாத நகரத்துக்குப் போய்த் திருமணம் செய்ததுண்டு.

இணையத்தில் மற்றவர்கள் போட்டிருக்கும் வம்சாவளி மரங்களைத் துப்பு என்று பாருங்கள், ஆதாரமாகக் கொள்ளாதீர்கள். ஒரே தகவல் முப்பது மரத்தில் இருப்பதற்கு, இருபத்தொன்பது பேர் பார்த்து எழுதியதே காரணமாக இருக்கலாம். இன்னொன்று, 2032இல் 1931 சென்சஸ் வெளியாகும் என்று காத்திருக்க வேண்டாம். இங்கிலாந்துக்கான அந்தத் தாள்கள் 1942 டிசம்பரில் தீயில் போயின. 1941இல் எடுக்கவே இல்லை. 1939 செப்டம்பரில் எடுத்த போர்க்காலப் பதிவேடுதான் கைகொடுக்கும்.

நேர்கோட்டில் மட்டும் மேலேறப் பார்ப்பதும் பலரைத் தேக்கிவிடுகிறது. உங்கள் கொள்ளுத்தாத்தா உயில் எழுதாமல் இருந்திருக்கலாம், அவருடைய கல்யாணமாகாத அத்தை எழுதியிருப்பார். பிள்ளையில்லாதவர் தன் தட்டுமுட்டுச் சாமான் வரை அண்ணன் பிள்ளைகளுக்குப் பெயர் சொல்லிப் பிரித்துக் கொடுப்பார். எந்த வில்லியம் யார் மகன் என்பது அங்கே தெரிந்துவிடும். 1858 ஜனவரிக்கு முந்தைய உயில்களைத் திருச்சபை நீதிமன்றங்களின் ஆவணங்களில் தேட வேண்டும்.

இவ்வளவுக்கும் அகப்படாதவர் இங்கிலாந்திலேயே இல்லாமல் போயிருக்கலாம். கிழக்கிந்தியக் கம்பெனியோடும் பட்டாளத்தோடும் மெட்ராஸ் வந்தவர்களின் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்குப் போயின. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் உள்ளன. ஆங்கிலோ இந்தியக் குடும்பங்கள் மெட்ராஸ் பக்கத்திலிருந்து தொடங்குவதே நல்லது. முதலில் இங்குள்ள திருமணப் பதிவு, அப்புறம் அந்தச் சிப்பாய் இருந்த படைப்பிரிவு, அதன்பின் கியூவில் உள்ள பணிவிடுப்புத் தாள். அந்தத் தாளில் அவர் பிறந்த பேரிஷும் பக்கத்து நகரமும் மாவட்டமும் இருக்கும். நகரம் என்பது 'அங்கே அல்லது அதன் அருகே' என்ற பொருளில்தான் எழுதப்பட்டது. ஆகவே நகரத்துக் கோயிலில் ஆள் இல்லையென்றால், சுற்றியுள்ள கிராமக் கோயில்களின் பதிவேடுகளை எடுங்கள்.