அரசுச் சட்ட உதவி அமைப்பில் குற்றவியல் தற்காப்பு வழக்கறிஞராகச் சேர்வது எப்படி

வறுமையால் வழக்கறிஞர் வைத்துக்கொள்ள இயலாதவர்களுக்காக வாதாடுவதையே முழுநேரப் பணியாகக் கொள்ள விரும்புவோருக்கு, தேசிய சட்டப்பணிகள் ஆணையம் 2022-இல் திருத்தி வகுத்த சட்ட உதவித் தற்காப்பு வழக்கறிஞர் திட்டம் நல்ல வாய்ப்பாகும். மாவட்ட அளவில் தலைமை, துணைத் தலைமை, உதவி வழக்கறிஞர் என மூன்று நிலைகள் உண்டு. தலைமைப் பொறுப்புக்குக் குறைந்தது 10 ஆண்டு, துணைத் தலைமைக்கு 7 ஆண்டு குற்றவியல் அனுபவம் வேண்டும். உதவி வழக்கறிஞராக இளையோரும் சேரலாம். மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அறிவிப்பைக் கவனித்து விண்ணப்பியுங்கள். நியமனம் ஒப்பந்த அடிப்படையிலானது. பணிக்காலத்தில் சொந்தமாக வேறு வழக்குகளை நடத்த அனுமதியில்லை என்பதை வீட்டாரிடம் முன்பே பேசிவிடுவது நல்லது.

சேர்ந்தபின் முதலில் பழக வேண்டியது நாள் கணக்கு. முதல் ரிமாண்ட் (காவலில் வைக்கும்) உத்தரவின் தேதியையும் சேர்த்தே எண்ணி, குற்றத்தின் தன்மைக்கேற்ப 60 அல்லது 90 நாள் முடிந்தும் குற்றப்பத்திரிகை தாக்கலாகவில்லையெனில், குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 187-ஆம் பிரிவின்கீழ் உடனே ஜாமீன் மனு போட வேண்டும். மனுவுக்கு முன் குற்றப்பத்திரிகை வந்துவிட்டால் அந்த ஜாமீன் உரிமை கைநழுவிவிடும். உங்கள் ஒருநாள் தாமதம் மற்றொருவருக்குப் பல மாதச் சிறைவாசமாகலாம். ஆகவே ஒவ்வொரு கட்சிக்காரரின் கெடுநாளையும் நாட்குறிப்பில் எழுதி வையுங்கள். ஜாமீன் கிடைத்தும் பிணையாள் இன்றி உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. அவர்களுக்காக நிபந்தனையைத் தளர்த்தக் கோரி மனு செய்யுங்கள். சிறைக்கு நேரில் சென்று, அவர்கள் சொல்வதை அவசரப்படுத்தாமல் முழுவதும் கேளுங்கள்.