குனிந்து பார்க்காமல் வாங்காதீர்கள்: பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டியில் ஏமாறும் இடங்கள்

பழைய ஃபோர் வீல் டிரைவ் வண்டி பார்க்கப் போகிறவர் என்ன செய்கிறார்? பானட்டைத் திறக்கிறார், கதவைத் தட்டுகிறார், ஒரு சுற்று ஓட்டுகிறார், இழுவை பிடித்துப்போனால் முன்பணம் கொடுத்துவிடுகிறார். சாதாரணக் காருக்கு இது ஓரளவு போதும். இந்த வகை வண்டிக்குப் போதாது. பின்னால் நம் பையைக் காலி செய்யப்போகிறவை பெரும்பாலும் வண்டியின் அடியில், குனிந்தால் மட்டுமே தெரிகிற இடத்தில் இருக்கின்றன. ஒரு டார்ச், ஒரு ஸ்க்ரூ டிரைவர், படுக்க ஒரு பழைய சாக்கு எடுத்துக்கொள்ளுங்கள். நல்ல சட்டை வேண்டாம்.

நான் செய்த தவற்றிலிருந்தே தொடங்குகிறேன். முதன்முதலில் வாங்கிய வண்டியில் லீவரை 4ஹெச்சுக்கு, அதாவது நான்கு சக்கரமும் இயங்கும் சாதாரண வேக நிலைக்குத் தள்ளினேன்; டாஷ்போர்டில் விளக்கு எரிந்தது; திருப்தியாகிவிட்டேன். ஒன்றரை மாதம் கழித்து ஈரப் புல்மேடு ஒன்றில் பின்சக்கரங்கள் மட்டும் சுழன்று சேற்றை வாரி இறைத்தன. முன்சக்கரங்கள் அசையவே இல்லை. கீழே படுத்துப் பார்த்தால், முன் ஆக்சிலுக்கு, அதாவது சக்கர அச்சுக்கு, விசையைக் கொண்டுபோக வேண்டிய தண்டான ப்ரொப்பெல்லர் ஷாஃப்டே இல்லை. அதிர்வு வருகிறதென்று யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். விளக்கு பொய் சொல்லவில்லை. விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரித்துத் தரும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குள் கியர் விழுந்ததா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். சக்கரம் சுழல்கிறதா என்பது அதற்குத் தெரியாது.

இதைக் கண்டுபிடிக்க ஐந்து நிமிடம் போதும். தேவைக்கு மட்டும் நான்கு சக்கரத்துக்கு மாற்றும் வகை என்றால், சமதளத்தில் நிறுத்தி, மற்றச் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, ஹப்பில் (சக்கரத்தின் நடுக்குடத்தில்) பூட்டு இருந்தால் பூட்டி, 4ஹெச்சில் போட்டு, இன்ஜினை அணைத்து கியரில் விட்டுவிடுங்கள். ஒரு முன்சக்கரத்தை மட்டும் ஜாக்கியால் தூக்கிக் கையால் சுழற்றிப் பாருங்கள். சிறிது ஆட்டத்துக்குப் பின் இறுகி நின்றால் இணைப்பு இருக்கிறது. தாராளமாகச் சுழன்றால் எங்கோ அறுந்திருக்கிறது, அல்லது என் வண்டியைப் போல, இல்லவே இல்லை.

அடுத்து ஓட்டிப் பார்க்கும்போது நடக்கும் தவறு. தேவைக்கு மட்டும் மாற்றும் வகை வண்டிகளில் முன்னுக்கும் பின்னுக்கும் நடுவே டிஃபரன்ஷியல், அதாவது இரு பக்கமும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் பற்சக்கரத் தொகுதி, கிடையாது. காய்ந்த தார்ச்சாலையில் 4ஹெச் போட்டு வளைத்தால் முன்சக்கரங்களும் பின்சக்கரங்களும் வெவ்வேறு தூரம் ஓடியாக வேண்டும். ஓட முடியாமல் பற்சக்கரங்கள் முறுக்கிக்கொள்ளும். ஆகவே சரளை அல்லது மண் தரையில் சோதியுங்கள். மெதுவான நிலையான 4எல்லையும் விட்டுவிடாதீர்கள். அதைப் போட்ட பிறகு முதல் கியரில் வண்டி நத்தையைப் போல ஊர வேண்டும். கியர் தானாக வெளியே துள்ளக் கூடாது. 'காட்டு வழியில் ஓட்டியதே இல்லை' என்று விற்பவர் பெருமையாகச் சொல்வார். எனக்கு அது அவ்வளவு நல்ல செய்தியாகப் படுவதில்லை. வருடக்கணக்கில் தொடாத லீவரும் ஹப்பும் துருவேறி இறுகிவிடும்.

இனி துரு. கதவோரத் துருவைப் பற்றி நான் கவலைப்படுவதில்லை. பார்க்க வேண்டியது வண்டியின் அடிச்சட்டமான சேஸிஸை. சேறு உள்ளே புகுந்து பெட்டி வடிவச் சட்டங்களுக்குள் தங்கிவிடும். துரு உள்ளிருந்து வெளியே வரும். எனவே வெளியே வழவழப்பாக இருக்கிறதே என்று நம்பாதீர்கள். ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தட்டிக்கொண்டே போங்கள். நல்ல இரும்பு கணீரென்று ஒலிக்கும். அரித்த இடம் மொத்தென்று சத்தம் தரும். பின் ஆக்சிலுக்கு மேலே வளையும் பகுதியையும், ஸ்பிரிங் பிடிகள் பொருத்திய இடங்களையும் கூடுதலாகத் தட்டுங்கள். அடிப்பகுதி முழுக்கப் புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்திருந்தால் அழகென்று மகிழாதீர்கள், எதை மூடியிருக்கிறார்கள் என்று கேளுங்கள். பழைய லேண்ட் ரோவர் டிஃபெண்டரில் பலர் ஏமாறுவதும் இப்படித்தான்: உடல் தகடுகள் பெரும்பாலும் அலுமினியம், செந்துரு பிடிக்காது, ஆனால் கீழே இருக்கும் சேஸிஸ் எஃகு.

படுத்திருக்கும்போதே டிஃபரன்ஷியல் ஆயிலையும் பார்த்துவிடலாம். நிரப்பும் துளையின் மூடியைக் கழற்றி விரலை விடுங்கள். பால் கலந்தது போல இருந்தால் தண்ணீர் புகுந்திருக்கிறது. ஓடையைக் கடக்கும்போது சூடான டிஃபரன்ஷியல் சட்டென்று குளிர்ந்து உள்ளே காற்று சுருங்கும். காற்றுக்குழாய் அடைபட்டிருந்தால் ஆயில் சீல் வழியாகத் தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். மினுமினுக்கும் துகள்கள் இருந்தால் பற்கள் தேய்கின்றன. ப்ரொப்பெல்லர் ஷாஃப்டைக் கையால் திருகி அதன் கிராஸ் (மூட்டிலுள்ள சிலுவை வடிவப் பகுதி) ஆடுகிறதா என்றும் பாருங்கள். முன்னும் பின்னும் மாற்றும்போது வரும் 'டங்' சத்தம் பல நேரம் அங்கிருந்துதான் வருகிறது.

முன் ஆக்சில் ஒரே தண்டாக இருக்கும் வண்டிகளில் இன்னொரு சங்கதி உண்டு. ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியதும் ஸ்டீயரிங் கையை உதறும் அளவுக்கு ஆடத் தொடங்கும். தேய்ந்த புஷ்களும் (மூட்டுகளிலுள்ள ரப்பர் உறைகள்) ஜாயிண்டுகளும்தான் பெரும்பாலும் காரணம். அவற்றை மாற்றாமல், ஆட்டத்தை அடக்கும் ஸ்டீயரிங் டேம்பரை மட்டும் புதிதாக மாட்டி மறைப்பார்கள். சுற்றிலும் எல்லாம் அழுக்காக இருக்க டேம்பர் மட்டும் பளபளத்தால் சந்தேகப்படுங்கள்.

எப்போதும் நான்கு சக்கரமும் இயங்கும் வகை என்றால் டயர்களைப் பாருங்கள். நான்கும் ஒரே அளவில், ஏறத்தாழ ஒரே தேய்மானத்தில் இருக்க வேண்டும். இரண்டு புதிது, இரண்டு மொட்டை என்று ஓட்டியிருந்தால் நடுவிலுள்ள டிஃபரன்ஷியலோ, கெட்டியான திரவத்தால் விசையைக் கடத்தும் விஸ்கஸ் கப்ளிங்கோ அடி வாங்கியிருக்கக்கூடும். உயர்த்திக் கட்டி, பெரிய டயர் மாட்டிய வண்டி கம்பீரமாகத்தான் நிற்கும். அந்த உயரத்தின் சுமையை ஷாஃப்ட் ஜாயிண்டுகளும் பிரேக்கும் சுமக்கின்றன. எனக்குக் கம்பெனியிலிருந்து வந்தபடியே இருக்கும் வண்டிதான் பிடிக்கும்.

இன்ஜினுக்கு ஒரே ஒரு விதி: போனதும் பானட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால், ஆறிய பிறகு வருகிறேன் என்று சொல்லித் திரும்பிவிடுங்கள். குளிர்ந்த இன்ஜின் எப்படிக் கிளம்புகிறது, எவ்வளவு புகைக்கிறது என்பதை மறைக்கவே பலர் முன்கூட்டி ஓட்டிவைக்கிறார்கள்.

புஷ், கிராஸ், டயர், சீல் இவையெல்லாம் விலை பேசுவதற்கான காரணங்கள். சேஸிஸ் அரித்திருந்தால் பேரமே வேண்டாம். கடைசியாக, சேஸிஸில் பொறித்த எண்ணைத் துணியால் துடைத்து ஆவணத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். அந்த இடத்தில் மட்டும் புதுப் பெயின்ட் இருந்தாலோ, உரசிய தடம் தெரிந்தாலோ, சாக்கைச் சுருட்டிக்கொண்டு கிளம்பிவிடுங்கள்.